பிளானிங் கருத்துக்கு ஒப்புகை மின்னஞ்சல்: எந்த வகை சரி?

இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டின் பின்பக்கம் இரண்டு மாடி ஏற்றிக் கட்ட நினைத்தால், பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலில் பிளானிங் விண்ணப்பம், அதாவது கட்டிட அனுமதி கேட்கும் மனு, போட வேண்டும். கவுன்சில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் அனுப்பும், அல்லது அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்டும். கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம். வெளிச்சம் மறைகிறது, புது ஜன்னல் நேராக நம் படுக்கையறையைப் பார்க்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை என்று எதுவாக இருந்தாலும் இந்த நாட்களுக்குள் எழுதிவிட வேண்டும். இப்போது பலரும் கவுன்சிலின் இணையதளப் படிவத்தில்தான் எழுதுகிறார்கள். எழுதி, 'அனுப்பு' என்பதை அழுத்திய பிறகு அவர்களுடைய மெயில் பெட்டிக்கு என்ன வந்து சேர வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

கவுன்சிலுக்குள் இதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. மென்பொருள் வாங்கும்போது கூடவே வந்த வாசகம் அப்படியே பல வருடம் ஓடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பக்கமிருந்து பாருங்கள். விண்ணப்பித்தவருக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அவர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால், எதிர்த்து எழுதியவருக்கு அந்த உரிமை இங்கிலாந்தில் கிடையாது. நீதிமன்றத்தில் ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்ற மறுஆய்வு, கேட்கலாம். அதற்கு ஆறு வாரம்தான் கெடு, செலவோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. அதனால் அந்த 21 நாளில் எழுதும் கருத்தை விட்டால் அவருக்கு வேறு வழி அநேகமாக இல்லை. அது போய்ச் சேர்ந்தது என்று சொல்ல அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த மெயில்.

கவுன்சில்களின் முன் இருக்கும் வழிகள் நான்கு. ஒன்று, மெயிலே அனுப்பாமல் திரையில் 'நன்றி' என்று காட்டிவிடுவது. இரண்டு, 'உங்கள் கருத்து கிடைத்தது' என்று இரண்டு வரி அனுப்புவது. மூன்று, 'இந்த லிங்க்கை அழுத்தினால்தான் உங்கள் கருத்து பதிவாகும்' என்று உறுதிப்படுத்தக் கேட்பது. நான்கு, கருத்தை உடனே பதிவு செய்துகொண்டு, எப்போது கிடைத்தது, எது வெளியே தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்பதையெல்லாம் சொல்லும் முழு ஒப்புகை.

நான் நான்காவதன் பக்கம். ஆனால் மூன்றாவதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அதன் வாதத்தில் பாதி சரியானது. அந்தப் பாதியை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் இந்த வடிவமைப்பின் சிக்கலே இருக்கிறது.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். திரையை மூடினால் எல்லாம் போச்சு. பேரப்பிள்ளையின் போனில் இருந்து அனுப்பிய தாத்தாவுக்கு ஒரு தடயமும் மிஞ்சாது. இது கவுன்சிலுக்கும் நல்லதில்லை. 'நான் எழுதியது வந்துச்சா?' என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு யாரோ ஒரு ஊழியர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். மெயில் அனுப்பும் செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது. அரசின் டிஜிட்டல் பிரிவு நடத்தும் கவ்.யூகே நோட்டிஃபை சேவை 2016இலிருந்து இருக்கிறது, உள்ளாட்சிகளும் அதைப் பயன்படுத்தலாம், மின்னஞ்சலுக்குக் கட்டணமே இல்லை.

இரண்டாவது வழியின் குறையும் பார்த்தவுடன் தெரியும். பரவலாக வரும் வாசகம் இந்த மாதிரி இருக்கும்: 'குறிப்பு எண் 25/01873 தொடர்பான உங்கள் கருத்துக்கு நன்றி. இது தானியங்கி மின்னஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்.' எந்த வீடு என்று இல்லை. என்றைக்குக் கிடைத்தது என்று இல்லை. கெடுவுக்குள் வந்ததா என்று இல்லை. ஒரே தெருவில் இரண்டு விண்ணப்பங்களுக்கு எழுதியவர், இரண்டு வாரம் கழித்து இந்த மெயிலைத் திறந்தால், இது எதற்கு வந்தது என்று கண்டுபிடிக்கத் திரும்ப இணையதளத்துக்குத்தான் போக வேண்டும். எண் கவுன்சிலின் கோப்புக்குத் தேவை. மக்கள் முகவரியை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற அந்த வரியும் எனக்கு உறுத்தல்தான். கருத்து எழுதியவர் மறுநாள் காலையில் எதை நினைத்துக்கொள்வார்? 'ஐயோ, சாக்கடைக் குழாய் விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டோமே' என்றுதான். கையில் இருக்கும் மெயிலுக்கே பதில் போடுவார், அதுதான் இயல்பு. அந்தப் பதில் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போனால், கெடுவுக்குள் எழுதிய ஒரு முக்கியமான விஷயம் காணாமல் போகிறது. எழுதியவருக்கு அது தெரியவும் தெரியாது. எந்த வகை ஒப்புகையைத் தேர்ந்தெடுத்தாலும், பதில் முகவரி பிளானிங் துறையில் யாராவது தினமும் திறந்து பார்க்கும் பெட்டியாக இருக்க வேண்டும். இதில் பேரமே கூடாது.

அழுத்தினால்தான் பதிவு என்ற வழி

மூன்றாவது வழியை விரும்புகிறவர்கள் சொல்வது இது. படிவத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். ஆட்சேபணைகளின் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. பல கவுன்சில்களில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்சேபணை வந்தால் அதிகாரி தனியாக முடிவெடுக்காமல் விண்ணப்பம் கவுன்சிலர்கள் உட்காரும் பிளானிங் கமிட்டிக்குப் போகும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த அளவு ஊருக்கு ஊர் வேறு. ஒரே ஆள் பத்துப் பெயரில் எழுதினால் என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவை வைத்து வெவ்வேறு குரலில் கடிதம் எழுதுவது இப்போது ஒரு வேலையே இல்லை. மெயில் முகவரியையாவது சரிபார்த்தால் கொஞ்சம் தடுக்கலாம் அல்லவா?

கவலை நியாயமானதுதான். மருந்துதான் இதற்குரியது இல்லை. லிங்க்கை அழுத்துவது நிரூபிப்பது ஒன்றே ஒன்று: அந்த மெயில் பெட்டி அழுத்தியவர் கையில் இருக்கிறது. அவர் அந்தத் தெருவில் இருக்கிறாரா, அந்தப் பெயர் அவருடையதா என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரில் ஆதரவுக் கடிதம் எழுத நினைக்கிற ஒருவன் பாட்டியின் மெயிலைக் கொடுக்கமாட்டான், புதிதாக ஒன்றைத் திறந்து அதையே கொடுப்பான், லிங்க்கையும் அவனே அழுத்துவான். அவனைப் பிடிப்பது வேறு இரண்டு விஷயம். கருத்து எழுதியவரின் பெயரும் முகவரியும் பொதுவாக இணையதளத்தில் வெளியாகும் என்பதால் பாட்டியின் வீட்டில் யாராவது பார்த்துக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் அந்த முகவரிக்குக் கவுன்சில் ஒரு தபால் அனுப்பிக் கேட்கலாம். இரண்டுக்கும் மெயில் லிங்க்குக்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், தபாலில் வரும் கடிதத்தை யோசித்துப் பாருங்கள். இன்றும் தாளில் எழுதி அனுப்பலாம், கவுன்சில் ஏற்றுக்கொள்ளும். அப்படி வந்த கடிதத்தை 'நீங்கள்தான் எழுதினீர்களா என்று உறுதிப்படுத்தும் வரை எண்ணமாட்டோம்' என்று யாரும் நிறுத்தி வைப்பதில்லை. படிவத்தில் எழுதியவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதவு வைப்பதற்கு என்ன நியாயம்?

இழப்பின் பக்கத்தை இப்போது பார்ப்போம். 21வது நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒருவர் கருத்தை அனுப்புகிறார். உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பேம் பெட்டியில் விழுகிறது. அவர் திரையில் 'நன்றி' என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து மெயிலைக் கண்டு அழுத்துகிறார். அவருடைய கருத்து எந்தத் தேதியில் வந்தது? 2015ஆம் ஆண்டின் பிளானிங் நடைமுறை ஆணைப்படி, அவகாசத்துக்குள் கிடைத்த கருத்துகளைக் கவுன்சில் கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். பிறகு வந்தவற்றை, முடிவெடுக்கும் முன்னால் வந்திருந்தால், பார்ப்பது வழக்கம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக 'அனுப்பு' அழுத்திய நொடியா, லிங்க் அழுத்திய நொடியா என்பதில் ஒருவருடைய உரிமையே நிற்கிறது. மெயில் எந்தப் பெட்டியில் விழுகிறது என்பது அவர் கையிலும் இல்லை, கவுன்சில் கையிலும் முழுசாக இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சோதனைகளையும் கேட்கின்றன. ஒரு மென்பொருள் நிறுவனம் கவுன்சிலின் பெயரில் அனுப்பும்போது இந்த அமைப்பில் சின்னக் கோளாறு இருந்தாலும் போதும், மெயில் ஸ்பேமுக்குப் போய்விடலாம்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. அலுவலக மெயில் வைத்திருப்பவர்களுக்கு, பாதுகாப்பு மென்பொருள் வரும் மெயிலில் உள்ள லிங்க்குகளைத் தானே ஒருமுறை திறந்து சோதிப்பது சகஜம். வெறும் லிங்க் திறந்தாலே 'உறுதியானது' என்று பதிவாகும்படி வைத்திருந்தால், மனிதர் தொடுவதற்கு முன்பே இயந்திரம் உறுதிப்படுத்திவிடும். அழுத்தத் தெரியாதவருடைய கருத்து விழுந்துபோகும், அழுத்தாதவருடைய கருத்து பதிவாகிவிடும். உறுதிப்படுத்தும் லிங்க் வைத்தே தீர வேண்டும் என்றால், அது திறக்கும் பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்து, அதை மனிதர் அழுத்தினால்தான் கணக்கு என்று செய்ய வேண்டும்.

நம் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு தமிழ் வீட்டில் அப்பா, அம்மா, மாமியார் மூவருக்கும் சேர்த்து ஒரே மெயில் முகவரி இருப்பது அதிசயமில்லை. அதையும் மகள்தான் பார்ப்பாள், வேலை முடிந்து வந்த பிறகு. மெயில் முகவரியை வைத்து ஆளை அடையாளம் காணும் அமைப்பு, இந்த வீட்டிலிருந்து வரும் இரண்டாவது கருத்தை 'ஏற்கெனவே பதிவானது' என்று தள்ளிவிடக்கூடும். மாமியாரின் அறைக்குத்தான் வெளிச்சம் போகிறது, தள்ளப்பட்டது அவருடைய கருத்தாகவே இருக்கலாம். ஒரு மெயில் ஒரு ஆள் என்ற கணக்கு வசதியானவர்களின் வாழ்க்கையைப் பார்த்துப் போட்டது.

இரண்டு வெளியூர் உதாரணங்கள்

மூன்றாவது வழி பொருந்தும் இடமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஓப்பன் ஆஸ்திரேலியா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு 2009இலிருந்து பிளானிங் அலர்ட்ஸ் என்ற சேவையை நடத்துகிறது. உங்கள் வீட்டைச் சுற்றி வரும் விண்ணப்பங்களை மெயிலில் தெரிவிக்கும். அங்கேயே கருத்து எழுதினால் சம்பந்தப்பட்ட கவுன்சிலுக்கு அனுப்பி வைக்கும். பல வருடங்களாக, எழுதியவர் மெயிலில் உறுதிப்படுத்திய பிறகுதான் கருத்து கவுன்சிலுக்குப் போனது. அது சரியான முடிவு. காரணம், அந்த அமைப்பு கவுன்சில் இல்லை. வேறொருவர் பெயரில், வேறொருவரிடம், ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. யார் கொடுத்தது என்று தெரியாத கடிதங்களைக் கொண்டுபோய்க் குவித்தால் கவுன்சில்கள் அதன் மெயில்களையே தள்ளிவைக்கத் தொடங்கிவிடும். இடையில் நிற்பவர் முதலில் கேட்டுக்கொண்டு பிறகு அனுப்புவது மரியாதை. சட்டப்படி கருத்தைப் பெற வேண்டிய கவுன்சிலே அதைச் செய்தால், கதவைத் திறப்பதற்கு முன் இன்னொரு கதவு கட்டியதாகிவிடும்.

அயர்லாந்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே பிளானிங் விண்ணப்பத்தின் மீது கருத்துச் சமர்ப்பிக்க 20 யூரோ கட்டணம், ஐந்து வாரம் அவகாசம். பதிலாக, எதிர்த்து எழுதியவருக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு, கவுன்சில் முடிவெடுத்து நான்கு வாரத்துக்குள். முன்பு அன் போர்ட் பிளனாலா என்றிருந்து 2025 ஜூனில் அன் கொமிஷூன் பிளனாலா என்று மாறிய, மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமைப்பிடம் போக வேண்டும். போகும்போது, நீங்கள் முதலிலேயே கருத்துச் சமர்ப்பித்ததற்குக் கவுன்சில் கொடுத்த ஒப்புகையையும் இணைத்தாக வேண்டும். அது இல்லாத மேல்முறையீடு செல்லாது. ஒரு துண்டுக் காகிதம் உரிமைக்கே சாவியாகிவிடுகிறது. அதனால் அங்கே ஒப்புகை என்பது தொலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணம்.

இங்கிலாந்தில் சட்டம் ஒப்புகைக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அயர்லாந்து ஒப்புகையை மனதில் வைத்துக்கொண்டு வடிவமைப்பது நல்லது என்று நினைக்கிறேன். இந்த மெயிலை ஒருவர் ஆறு மாதம் கழித்து எடுத்துக்காட்டினால், யார், எதைப் பற்றி, எப்போது எழுதினார், கெடுவுக்குள் வந்ததா என்ற கேள்விகளுக்கு அது தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும்.

எழுதியதன் நகலைச் சேர்ப்பதா?

முழு ஒப்புகை என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து தடுக்கி விழும் இடம் இதுதான். எழுதிய கருத்து முழுவதையும் மெயிலிலேயே திருப்பி அனுப்பலாமா?

என் மனசு நகலின் பக்கம்தான். என்ன எழுதினோம் என்று தெரியாமல் கமிட்டிக் கூட்டத்தில் பேச எழுந்து நிற்பது கஷ்டம். பேசக் கிடைப்பது பல இடங்களில் மூன்றே நிமிடம். ஆனால் எதிர்வாதம் கனமானது. ஒருவர் தன் மெயில் முகவரியில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டால், அவர் எழுதியது முகம் தெரியாத ஒருவருக்குப் போய்விடும். கருத்து எப்படியும் வெளியாகப்போவதுதானே என்று கேட்கலாம். கவுன்சில் வெளியிடும்போது தொலைபேசி எண், மெயில் முகவரி, கையெழுத்து ஆகியவற்றை மறைத்துவிடும். 'என் மனைவிக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் நடக்கிறது, தூசி ஆகாது' என்பது போன்ற உடல்நல விவரங்களையும் மறைக்க வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. மெயிலில் திரும்பப் போவது மறைக்கப்படாத மூலம். அதோடு, யார் வேண்டுமானாலும் எழுதும் எதையும் யாருக்கு வேண்டுமானாலும் கவுன்சிலின் பெயரில் அனுப்பித் தரும் படிவம் என்பது மோசடிக்காரர்களுக்குக் கிடைத்த பரிசு. பெட்டியில் ஒரு போலி லிங்க்கை எழுதி, முன்பின் தெரியாதவர்களின் மெயில்களைக் கொடுத்தால் போதும், கவுன்சிலின் முத்திரையோடு போய்ச் சேரும்.

மூன்றாவது வழியின் சரியான பாதி இங்கேதான் உதவிக்கு வருகிறது. முதல் மெயிலில் நகல் வேண்டாம். விண்ணப்பத்தின் முகவரி, கிடைத்த நேரம், கெடு, அடுத்த கட்டம் இவை மட்டும் இருக்கட்டும். கூடவே ஒரு லிங்க்: 'நீங்கள் எழுதியதைப் பார்க்கவும், முடிவு வந்ததும் மெயிலில் தெரிந்துகொள்ளவும் இங்கே அழுத்துங்கள்.' அழுத்தினால் மெயில் பெட்டி அவருடையது என்று உறுதியாகிறது, அதன் பிறகு நகலும் முடிவுச் செய்தியும் போகும். அழுத்தாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, கருத்து ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதாவது அழுத்துவது எழுதியவருக்குக் கூடுதல் வசதியைத் தருகிறது, அழுத்தாததால் அவர் உரிமை எதுவும் போவதில்லை. இதோடு, சமர்ப்பிக்கும் முன் 'சரிபார்க்கவும்' பக்கத்தில் மெயில் முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டுவதும், சமர்ப்பித்த பின் திரையிலேயே 'நகலைச் சேமிக்க' என்று ஒரு பொத்தான் வைப்பதும் சேர்ந்தால் நகல் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முடிவுச் செய்திக்காகவே இந்த லிங்க் வேண்டும் என்பேன். கருத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் முடிவைத் தனியாகத் தெரிவிக்காத கவுன்சில்கள் பல, இணையதளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகின்றன. சாதாரண விண்ணப்பத்துக்கு எட்டு வாரம், பெரியவற்றுக்குப் பதின்மூன்று வாரம் என்பது சட்டம் வைத்த கால அளவு, பல சமயம் நீட்டிப்பும் வாங்குவார்கள். அத்தனை வாரமும் தினமும் யார் இணையதளத்தைத் திறந்து பார்ப்பார்கள்? அனுமதி கொடுக்கப்பட்டது தெரிய ஐந்து வாரம் ஆகிவிட்டால், ஜுடிஷியல் ரிவ்யூவின் ஆறு வாரக் கெடுவில் மிஞ்சுவது ஒரே வாரம்.

மெயிலில் என்ன எழுதுவது

வடிவம் இப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி தருகிறேன். முகவரியும் தேதிகளும் கற்பனை. உண்மையில் இது ஆங்கிலத்தில்தான் போகும், ஆனால் வரிகளின் ஒழுங்கைப் பாருங்கள்.

தலைப்பு: எல்ம் தெரு 12, பின்பக்க விரிவாக்கம் – உங்கள் கருத்து பதிவாகிவிட்டது

'எல்ம் தெரு 12இல் இரண்டு மாடி விரிவாக்கத்துக்கான விண்ணப்பத்தின் மீது நீங்கள் எழுதிய ஆட்சேபணை மே 14, இரவு 11.46க்கு எங்களுக்குக் கிடைத்தது. கருத்துச் சொல்லக் கடைசி நாள் மே 14. உங்கள் கருத்து அவகாசத்துக்குள் வந்திருக்கிறது. நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் பெயரும் முகவரியும் கருத்தும் எங்கள் இணையதளத்தில் வெளியாகும். விண்ணப்பித்தவரும் அதைப் பார்க்க முடியும். தொலைபேசி எண்ணையும் மெயில் முகவரியையும் வெளியிடமாட்டோம். வெளியிடக் கூடாத விவரம் எதையாவது எழுதியிருந்தால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள்.

உங்கள் கருத்தில் உள்ள பிளானிங் சம்பந்தமான விஷயங்களை, விண்ணப்பத்தைக் கையாளும் கேஸ் ஆபிசர் தன் அறிக்கையில் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கருத்துக்கும் தனியாகப் பதில் எழுத எங்களால் முடியாது. ஜூன் 20க்குள் முடிவெடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.

இது வீட்டு விரிவாக்க விண்ணப்பம். அனுமதி மறுக்கப்பட்டு விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்தால், இப்போது நீங்கள் எழுதியதையே மேல்முறையீட்டை விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவைப்போம். அப்போது மறுபடி எழுத வாய்ப்பு இருக்காது.'

இதற்குக் கீழே நகலுக்கும் முடிவுக்குமான லிங்க், குறிப்பு எண், துறையின் தொலைபேசி எண். அவ்வளவுதான்.

இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க விரும்பாத வரி, 'நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.' மெயிலைத் திறக்கும் ஒருவர் முதலில் தேடுவது அதைத்தான். அதற்கு அடுத்து, மேல்முறையீடு பற்றிய வரி. வீட்டுச் சொந்தக்காரர்களின் சிறு விரிவாக்கங்களில், மேல்முறையீட்டின்போது பக்கத்து வீட்டார் புதிதாக எதுவும் எழுத முடியாது. முதலில் எழுதியதுதான் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகும். இந்தத் தகவல் கவுன்சில் அனுப்பும் முதல் கடிதத்தில் எங்கோ அடியில் இருக்கும், அதை யாரும் வாசித்திருக்கமாட்டார்கள். ஒப்புகையிலும் சொல்லிவிட்டால், இன்னும் அவகாசம் மிச்சமிருக்கிறவர்கள் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதுவார்கள்.

'உங்கள் கருத்து மிகக் கவனமாகப் பரிசீலிக்கப்படும்' என்ற வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதை வாசிக்கிறவர், தான் எழுதியதெல்லாம் எடைபோடப்படும் என்று நம்புவார். வீட்டு விலை குறையும், காட்சி மறையும், அந்த ஆள் சரியில்லாதவர் என்பவற்றைக் கவுன்சில் சட்டப்படி எடைபோட முடியாது. வெளிச்சம், அந்தரங்கம், போக்குவரத்து, சத்தம், கட்டிடத்தின் வடிவம் போன்றவற்றைத்தான் பார்க்கும். ஆனால் இந்தப் பட்டியலை ஒப்புகையில் கொட்டுவதும் தப்பு. எழுதி முடித்தவரிடம் 'நீ எழுதியது செல்லாது' என்று சொல்வது போல ஆகிவிடும். அதன் இடம் படிவத்தில், எழுதும் பெட்டிக்கு மேலே.

வெளியாவது பற்றிய எச்சரிக்கையும் படிவத்தில் முதலிலேயே இருக்க வேண்டும். மெயிலில் வருவது இரண்டாம் முறை. குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்து புது முகவரியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தன் முகவரி இணையத்தில் ஏறும் என்பது 'அனுப்பு' அழுத்திய பிறகு தெரியவந்தால் அது தாமதம். ஆனாலும் வெளியிடும் முன் கவுன்சில் கருத்தைப் பார்த்துச் சரிசெய்ய ஒரு நாளாவது எடுத்துக்கொண்டால், அந்த மெயிலுக்கு அவர் போடும் பதில் அவரைக் காப்பாற்றக்கூடும். பதில் வாங்கும் பெட்டி ஏன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மெயில் வெறும் எழுத்தாக இருக்கட்டும். கவுன்சிலின் சின்னத்தையும் அலங்காரப் படத்தையும் போட்டு அதற்குள் வாசகத்தை வைத்தால், கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பான் அதை வாசிக்காது, போனில் மொழிபெயர்த்துப் பார்க்கிற நம்மவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. சிறிய வாக்கியங்கள் மொழிபெயர்ப்பிலும் உருக்குலையாமல் வரும். ஆங்கிலம் தடுமாறும் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு அது பெரிய உதவி.

தாமதமாக வந்த கருத்துக்குத் தனி வாசகம் வேண்டும். ஒரே வார்ப்பை எல்லோருக்கும் அனுப்பும் அமைப்புகள் இங்கேதான் பொய் சொல்லத் தொடங்குகின்றன. 'கடைசி நாள் மே 14. உங்கள் கருத்து மே 17 அன்று வந்தது. இன்னும் முடிவெடுக்கவில்லை, அதனால் கேஸ் ஆபிசரிடம் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவர் அதைப் பார்ப்பதற்குள் முடிவு வெளியாகவும் வாய்ப்பு உண்டு' என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். வருத்தமாக இருந்தாலும், அவர் அன்றைக்கே தன் வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டுப் பேச அது நேரம் கொடுக்கும்.

கடைசியாக, கையில் பணமோ ஆளோ இல்லாத சின்ன கவுன்சில்களுக்கு. பழைய மென்பொருளில் லிங்க்கெல்லாம் வைக்க முடியாது, வாசகத்தை மட்டும்தான் மாற்ற முடியும் என்பது பல இடங்களின் நிலை. அப்படியென்றால் நான்காவது வழியை அரைகுறையாகச் செய்தாலே போதும். மென்பொருளில் 'மெயில் உறுதிப்படுத்தல்' என்ற வசதி இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள், அதாவது கருத்து பதிவாவதற்கு அது நிபந்தனையாக இருந்தால். பிறகு தலைப்பு வரியில் எண்ணுக்கு முன்னால் முகவரியைப் போடுங்கள். கிடைத்த தேதியையும் கடைசி நாளையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பதில் முகவரியைப் பிளானிங் துறையின் பெட்டிக்கு மாற்றி, அதைத் தினமும் யார் திறப்பது என்று ஒரு பெயரைக் குறித்து வையுங்கள். இவற்றுக்குப் புது ஒப்பந்தம் எதுவும் தேவைப்படாது, ஒரு பிற்பகல் போதும். முடிவுச் செய்தி அனுப்பும் வசதியை அடுத்த முறை மென்பொருள் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நிபந்தனைகளில் முதலாவதாகச் சேருங்கள்.